விண்ணப்பத்துக்கும் வகுப்பறைக்கும் நடுவே



உயர்கல்வியில் நமது உரிமையின் வரலாற்றை விழுக்காடுகளாகச் சொல்லிப் பழகியிருக்கிறோம். 1971இல் 16 விழுக்காடு 18 ஆனது. பின்னர் பழங்குடியினருக்குத் தனியாக 1 விழுக்காடு கிடைத்தது. 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. இவை ஒவ்வொன்றும் போராடிப் பெற்றவை. இவற்றைக் குறைத்துப் பேச நான் இங்கு வரவில்லை. ஆனால் விழுக்காடு என்பது இடத்தின் கணக்கு. விண்ணப்பம் போட்ட நாளுக்கும் வகுப்பறையில் போய் உட்கார்ந்த நாளுக்கும் நடுவே என்ன நடந்தது என்று அது சொல்லாது. நம் பிள்ளைகளில் பலர் அந்த நடுப்பகுதியில்தான் காணாமல் போயிருக்கிறார்கள். அவர்கள் தேர்வில் தோற்றவர்களும் அல்ல, கல்லூரியிலிருந்து இடைநின்றவர்களும் அல்ல. ஆகவே எந்தப் பதிவேட்டிலும் அவர்களுக்கு இடமில்லை. இந்த உரை அந்த நாட்களைப் பற்றியது.

செண்பகம் துரைராஜன் வழக்கு உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். வகுப்புவாரி அரசாணை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரல் 9 அன்று தீர்ப்பளித்தது. அப்போது சென்னை மாகாணத்தில் நான்கு அரசு மருத்துவக் கல்லூரிகள், மொத்தம் 330 இடங்கள். பதினான்கு இடங்களை ஒரு சுற்றாகக் கொண்டால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அன்றைய அரசு மொழியில் 'அரிஜனங்களுக்கு' 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்பது அரசாணையின் பங்கீடு. இதை எதிர்த்து வந்த மனுதாரர் 1934இலேயே பட்டம் பெற்றவர். 1950 ஜூனில் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதில் இல்லாத ஒன்று தீர்ப்பிலேயே இருக்கிறது. அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை. விசாரித்துப் பார்த்தார், தம் சாதியின் காரணமாக இடம் கிடைக்காது என்று தெரிந்துகொண்டார், வழக்குத் தொடுத்தார்.

தனிமனிதரைக் குறை சொல்வதற்காக இதை எடுக்கவில்லை. கூடவே வழக்காடிய பொறியியல் மாணவர் முறையாக விண்ணப்பித்தவர்தான். நான் பார்ப்பது இதைத்தான்: கல்விச் சேர்க்கையில் இடஒதுக்கீடு பற்றி உச்ச நீதிமன்றம் பேசிய முதல் பெரிய தீர்ப்பில், விண்ணப்பமே போடாத ஒருவருக்கு இழப்பு ஏற்பட்டதாகச் சட்டம் புரிந்துகொண்டது. விண்ணப்பித்து, தகுதி பெற்று, பணத்துக்காகவும் சான்றிதழுக்காகவும் நின்று நின்று திரும்பிப்போன நம் பிள்ளைகளின் இழப்பு அவ்வளவு சீக்கிரம் சட்டத்தின் கண்ணில் பட்டதில்லை. தீர்ப்பை எதிர்த்துத் தமிழகம் கொந்தளித்தது. இரண்டே மாதங்களில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது, 15(4) பிறந்தது. இடம் காப்பாற்றப்பட்டது. நாட்கள் பற்றி யாரும் பேசவில்லை.

பேசியிருக்க வேண்டியதற்கான சான்று அதற்கு முன்பே இருந்தது. அண்ணல் அம்பேத்கரின் படிப்பை நாம் பெருமையோடு சொல்கிறோம்: கொலம்பியா, லண்டன், கிரேஸ் இன். அந்தப் பெருமையில் தேதிகள் மறைந்துவிடுகின்றன. 1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கொடுத்த உதவித்தொகை மூன்றாண்டுகளுக்கானது. அதற்குப் பதிலாகப் பத்தாண்டுகள் சமஸ்தானத்தில் வேலை செய்வதாக ஒப்பந்தம் எழுதிக்கொடுத்தார். 1916இல் லண்டனில் சேர்ந்து ஆய்வைத் தொடங்குகிறார். 1917இல் உதவித்தொகை முடிகிறது, ஊர் திரும்பச் சொல்கிறார்கள். அறிவு தீரவில்லை, ஆர்வம் தீரவில்லை, பணம் தீர்ந்தது. லண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு ஒரு சலுகை தந்தது: நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

அந்த நான்காண்டுக் கெடுவில் மூன்றாண்டு பணம் சேர்ப்பதிலேயே கழிந்தது. ஒப்பந்தப்படி பரோடாவுக்கு வேலைக்குப் போனார். தங்க இடமில்லாமல் பார்சி விடுதியிலிருந்து விரட்டப்பட்ட கதை அங்கேதான் நடக்கிறது. பம்பாய் திரும்பி, 1918இல் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் ஆகிறார். சம்பளத்தைச் சேமிக்கிறார். கோலாப்பூர் சாகு மகாராஜா உதவுகிறார், பார்சி நண்பர் நவல் பதேனா கடன் கொடுக்கிறார். 1920இல்தான் மறுபடி கப்பல் ஏற முடிந்தது. 1923இல் டி.எஸ்சி. பட்டம். இடம் அவருக்காகக் காத்திருந்ததால் அவர் போய்ச் சேர்ந்தார். காத்திருந்திருக்காவிட்டால்? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் அவருடைய படத்தைக் கல்லூரி விடுதியில் மாட்ட வேண்டும்.

அவர் இந்த அனுபவத்தை மறக்கவில்லை என்றே நினைக்கிறேன். வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானதும் பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து 1942இல் ஒரு மனு கொடுத்தார். 1944இல் மெட்ரிக்குக்குப் பிந்தைய படிப்புக்கான உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. இன்று நாம் 'போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்' என்று சொல்வது அதைத்தான். இந்த நாட்டில் இவ்வளவு காலம் நீடித்த, இவ்வளவு பேரைப் படிக்கவைத்த கல்வித் திட்டங்கள் அதிகம் இல்லை. ஆனால் அதன் நடைமுறையில் ஒரு ஓட்டை ஆரம்பத்திலிருந்தே உண்டு. கல்லூரி கட்டணத்தைச் சேரும் நாளில் கேட்கிறது. அரசு பணத்தைச் சேர்ந்த பிறகு தருகிறது. இடையில் இருக்கும் மாதங்களை யார் சுமப்பது?

நம் சேரிகளில் ஜூன், ஜூலை மாதங்கள் எப்படிப் போகின்றன என்று சமூகவியல் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பிளஸ் டூ முடிவு வந்ததும் முதல் ஓட்டம் இ-சேவை மையத்துக்கு. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், 2010க்குப் பிறகு முதல் பட்டதாரிச் சான்றிதழ். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று ஒவ்வொரு மேசையிலும் ஒரு நாள். கூலிக்குப் போகிறவர்களுக்கு ஒரு நாள் என்றால் ஒரு நாள் கூலி. பழங்குடியினருக்கு இன்னும் கடினம். 1989 நவம்பருக்குப் பிறகு அவர்களுக்குச் சான்றிதழ் தரும் அதிகாரம் வட்டாட்சியரிடமிருந்து கோட்டாட்சியர் நிலைக்கு மாற்றப்பட்டது. போலிச் சான்றிதழைத் தடுக்கவே இந்தக் கண்டிப்பு என்றார்கள். போலிகள் இருந்தார்கள் என்பதும் உண்மை. 1994இல் உச்ச நீதிமன்றம் சரிபார்ப்புக் குழுக்களை அமைக்கச் சொன்ன மாதுரி பாட்டீல் வழக்கே மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை தொடர்பானதுதான். ஆனால் மோசடி செய்தவர்களுக்காகப் போட்ட வேலியில் மாட்டிக்கொண்டு நிற்பது யார்? இருளர், காட்டுநாயக்கர், மலைக்குறவர் வீட்டுப் பிள்ளைகள். பாட்டன் காலத்து ஆவணம் கேட்கிறார்கள். ஆவணம் வைத்திருக்க முடியாத வாழ்க்கைதானே அவர்களைப் பழங்குடி ஆக்கியது.

சான்றிதழ் வந்தால் அடுத்தது பணம். தமிழ்நாட்டு அரசு 2012 செப்டம்பரில் வெளியிட்ட 92ஆம் எண் அரசாணை இந்த இடத்தில் பெரிய உடைப்பை ஏற்படுத்தியது. சுயநிதிக் கல்லூரியில் சேரும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிட மாணவர்களுக்கும் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றது. பொறியியல் கல்லூரிக்குள் முதல் முறையாக நுழைந்த ஒரு தலைமுறையே அந்த ஆணையின் கீழ் வந்தது. அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர்கள் இந்த அரங்கிலும் உட்கார்ந்திருப்பீர்கள். 2017இல் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு அது மறுக்கப்பட்டது. ஒன்றிய அரசு தன் பங்கைக் குறைத்துக்கொண்டே வந்து, எதிர்ப்பு வலுத்த பிறகு 2020 டிசம்பரில்தான் 60க்கு 40 என்ற பங்கீட்டை ஒப்புக்கொண்டது. பணம் நேரடியாக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும் என்றார்கள். நல்லதுதான். ஆனால் எப்போது வரும் என்பதற்குக் கல்லூரி காத்திருப்பதில்லை. கம்மலை அடகு வைத்துக் கட்டணம் கட்டியவர்களுக்கு அந்தக் கணக்கில் வந்து விழுவது உதவித்தொகை அல்ல, வட்டி போக மிச்சம்.

இப்போது 2017க்கு வருகிறேன். அரியலூர் மாவட்டம் குழுமூரின் அனிதாவைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறோம். 1200க்கு 1176. மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். மதிப்பெண்ணைப் பேசினோம், நீட்டைப் பேசினோம், மரணத்தைப் பேசினோம். அவர் காத்திருந்த நாட்களை எண்ணிப் பார்த்தோமா? தமிழ்நாட்டில் 2007இலிருந்து மருத்துவச் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணின் அடிப்படையில் நடந்தது. அந்தப் பத்தாண்டைப் பொற்காலம் என்று சொல்ல நான் தயாரில்லை. நாமக்கல் பக்கத்து பிராய்லர் பள்ளிகள் கொழுத்த காலம் அது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைத்த இடங்கள் சொற்பம். ஆனாலும் விதி என்ன என்பது விண்ணப்பிக்கிறவருக்கு முன்கூட்டியே தெரியும். 2017இல் அதுவும் இல்லை. நீட் விலக்கு கேட்டுச் சட்டமன்றம் பிப்ரவரி 1 அன்று மசோதாக்களை நிறைவேற்றியது. டெல்லியிலிருந்து பதிலில்லை. மே 12இல் பிளஸ் டூ முடிவு வந்தது. ஆகஸ்டில் ஓராண்டு விலக்குக்கு ஒத்துழைப்போம் என்று ஒன்றிய அமைச்சர் ஒருவர் சொன்னார். நம்பினோம். ஆகஸ்ட் 22இல் உச்ச நீதிமன்றம் கதவை மூடியது. மே 12இலிருந்து அன்றுவரை 102 நாட்கள். நடுவில் அந்தப் பெண் உச்ச நீதிமன்றம்வரை போய் வந்திருந்தார். செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். பிப்ரவரியில் அனுப்பிய மசோதாக்களுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டது அந்தச் செப்டம்பரில்தான். அது நமக்குத் தெரியவந்தது 2019 ஜூலையில், அதுவும் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒன்றிய அரசு சொன்ன பிறகு. ஒரு மாணவியை 102 நாள் காக்கவைத்த அமைப்பு, ஒரு சட்டமன்றத்தை ஈராண்டுக்கு மேல் காக்கவைத்தது.

2020இல் அதே நாடகம் சிறிய அளவில். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டு மசோதா செப்டம்பர் நடுவில் நிறைவேறியது. ஆளுநர் கையெழுத்துப் போடவில்லை. அக்டோபர் 29இல் அரசு தானே ஆணை பிறப்பித்ததும் மறுநாளே ஒப்புதல் வந்தது. இடம் கிடைத்தது. கலந்தாய்வில் தனியார் கல்லூரி இடம் ஒதுக்கப்பட்ட பிள்ளைகளில் சிலர் கட்டணத்தைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துத் திரும்பினார்கள். செய்தி வெளியாகி எதிர்ப்பு கிளம்பிய பிறகே கட்டணத்தை அரசு ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. முதலில் இடம், பிறகு பணம் என்று யோசிக்கிற பழக்கம் 1951இலிருந்து மாறவில்லை.

கடைசியாக, தமிழ்நாட்டுக்கு வெளியே நடந்து, நம் உயர் நீதிமன்றத்தையும் தொட்டுச் சென்ற ஒரு வழக்கு. உத்தரப் பிரதேசம் முசாபர்நகர் மாவட்டத்தில் தினக்கூலித் தொழிலாளியின் மகன், பட்டியல் சாதி மாணவர், 2024இல் ஐ.ஐ.டி. தன்பாத்தில் மின் பொறியியல் இடம் பெற்றார். ஜூன் 24 மாலை 5 மணிக்குள் 17,500 ரூபாய் கட்ட வேண்டும். மாலை 4.45 அளவில்தான் பணம் சேர்ந்தது. இணையதளத்தில் கட்டி முடிப்பதற்குள் 5 மணி ஆகிவிட்டது. இடம் போயிற்று. அந்தத் தேர்வை இரண்டு முறைதான் எழுத முடியும், அது அவருக்கு இரண்டாவது முறை. தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையத்துக்குப் போனார். ஜார்க்கண்ட் சட்டப் பணிகள் ஆணையத்துக்குப் போனார். தேர்வை நடத்தியது ஐ.ஐ.டி. மெட்ராஸ் என்பதால் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார். அங்கிருந்து உச்ச நீதிமன்றம். செப்டம்பர் 30 அன்று, 142ஆம் பிரிவைப் பயன்படுத்தி, கூடுதல் இடம் ஒன்றை உருவாக்கி அவரைச் சேர்க்க உத்தரவிட்டார்கள். மூன்றாண்டுக்கு முன் 2021 நவம்பரிலும் இப்படித்தான். கட்டணம் செலுத்தும்போது அட்டை வேலை செய்யாததால் இடம் இழந்த ஒரு தலித் மாணவருக்கு ஐ.ஐ.டி. பம்பாயில் இடம் கொடுக்க அதே 142ஐ எடுக்க வேண்டியிருந்தது.

இரண்டு தீர்ப்புகளையும் நான் வரவேற்கிறேன். ஆனால் 142 என்பது உச்ச நீதிமன்றத்திடம் மட்டுமே இருக்கிற தனி அதிகாரம். ஒரு மாணவர் கட்டணம் கட்டக் கூடுதலாக ஒரு நாள் பெற அதுதான் வழி என்றால், டெல்லிவரை போக முடியாத மற்றவர்களுக்கு என்ன வழி? கட்டணக் கெடுவைத் தளர்த்த ஒரு சுற்றறிக்கை போதும். அரசு கட்டணம் ஏற்கும் மாணவரிடம் சேரும் நாளில் கல்லூரி பணம் கேட்கக் கூடாது என்று ஓர் அரசாணை போதும். இவற்றைக் கோரிக்கையாக நாம் இதுவரை உரக்க வைக்கவில்லை. விழுக்காட்டுக்காகத் தெருவில் இறங்கத் தெரிந்த நமக்கு தேதிக்காக இறங்கத் தோன்றவில்லை.

கோரிக்கை வைக்க ஆதாரம் வேண்டும். உங்கள் வீடுகளில் இரும்புப் பெட்டியிலோ பிளாஸ்டிக் உறையிலோ அவை கிடக்கின்றன: சான்றிதழுக்கு மனு கொடுத்த ரசீது, கலந்தாய்வு அழைப்புக் கடிதம், கட்டணக் கெடு போட்ட அறிவிப்பு, அடகுக் கடைச் சீட்டு, உதவித்தொகை வரவான நாள் பதிந்த வங்கிப் புத்தகம். தேதி தெளிவாகத் தெரியும்படி நகல் எடுத்துப் பேரவை அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள். பெயரை மறைத்துக்கொள்ளலாம், தேதியை மறைக்க வேண்டாம். கல்லூரியில் சேர முடியாமல் போனவர்களின் தாள்கள் முதலில் வரட்டும்.