திருத்தி அனுப்பியவர்கள்

2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டபோது ஆசிரியர்களுக்கு அவசர அவசரமாகப் பயிற்சி தரப்பட்டது. ஜூமில் வகுப்பைத் திறப்பது, கூகுள் கிளாஸ்ரூமில் பாடக்குறிப்பை ஏற்றுவது, வருகையைப் பதிவது என்று அந்தப் பயிற்சி கருவியைச் சுற்றியே நின்றது. நெருக்கடியில் அதற்குமேல் செய்ய நேரமில்லை. ஆனால் இன்றும் இணையவழிப் பட்டப்படிப்புக்குப் புதிதாக வரும் பயிற்றுநருக்குத் தரப்படும் பயிற்சி பெரும்பாலும் அந்த எல்லையைத் தாண்டுவதில்லை. கண்ணெதிரே இல்லாத மாணவருக்குக் கற்பிக்க ஒருவரை எப்படித் தயார்செய்வது என்ற கேள்வி கணினிக்கு மிகவும் மூத்தது. அஞ்சல் காலத்திலேயே அதற்குத் தீவிரமாக விடை தேடியிருக்கிறார்கள். அந்த வரலாற்றைப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: மாணவரைப் படிப்பில் நிறுத்திவைத்தது பாடநூலோ ஒளிபரப்போ மென்பொருளோ மட்டும் அல்ல. அவர் எழுதியதை ஒருவர் படித்து, அவருக்கென்று எழுதிய பதில்தான் அதில் பெரும்பங்கு வகித்தது. அந்தப் பதிலை எழுதுவது தானாக வந்துவிடும் திறமை அல்ல, கற்றுக்கொடுக்க வேண்டிய தொழில் என்று ஏற்றுக்கொண்ட நிறுவனங்களே நின்றன.

இங்கிலாந்தில் 1840-இல் ஒரு பென்னி அஞ்சல் நடைமுறைக்கு வந்ததும் ஐசக் பிட்மன் தன் சுருக்கெழுத்தை அஞ்சல் மூலம் கற்பிக்கத் தொடங்கினார். மாணவர்கள் பயிற்சி எழுதி அனுப்புவார்கள், திருத்தம் திரும்பி வரும். லண்டன் பல்கலைக்கழகம் 1858-இல் தன் தேர்வுகளை வெளி மாணவர்களுக்குத் திறந்துவிட்டது. ஆனால் அது தேர்வை மட்டுமே தந்தது, கற்பித்தலைத் தரவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பத் தனியார் அஞ்சல் கல்லூரிகள் முளைத்தன. 1887-இல் வில்லியம் பிரிக்ஸ் நிறுவிய கல்லூரி அவற்றுள் பெயர்பெற்றது. அமெரிக்காவில் எபிரேய மொழியை அஞ்சலில் கற்பித்துப் பழகிய வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், 1892-இல் திறக்கப்பட்ட சிகாகோ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரானபோது அஞ்சல்வழிக் கற்பித்தலை அந்தப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே கொண்டுவந்தார். இவை எல்லாவற்றிலும் திருத்தி அனுப்புகிறவர் இருந்தார். அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டால் மட்டும் பதில் இல்லை. பாடம் தெரிந்தவருக்குத் திருத்தவும் தெரியும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

இந்த எண்ணம் பெரிய அளவில் சோதனைக்கு உள்ளானது பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில். 1963-இல் கிளாஸ்கோவில் ஹரால்டு வில்சன் வானொலி, தொலைக்காட்சி வழியாக நடக்கும் ஒரு பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேசினார். அவர் பிரதமரான பின் அந்தத் திட்டத்தை அமைச்சர் ஜென்னி லீ விடாப்பிடியாக முன்னெடுத்தார். 1969-இல் அரச சாசனம் கிடைத்தது. எடின்பரோவில் மருந்தியல் பேராசிரியராக இருந்த வால்டர் பெரி முதல் துணைவேந்தர் ஆனார். 1971 ஜனவரியில் சுமார் 24,000 மாணவர்களுடன் பாடங்கள் தொடங்கின. முன்தகுதி எதுவும் கேட்கப்படவில்லை. பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கூடச் சேரலாம். அதே ஜனவரியில் பிரிட்டனில் அஞ்சல் ஊழியர் வேலைநிறுத்தம் தொடங்கி 47 நாட்கள் நீடித்தது. வானலைப் பல்கலைக்கழகம் என்று ஊர் முழுக்கப் பேசப்பட்ட ஒரு நிறுவனத்தை நெருக்கடிக்குள் தள்ளியது தபால்காரர் வராததுதான். தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் தடையின்றி ஓடின. ஆனால் அச்சடித்த பாடமும், மாணவர் எழுதிய கட்டுரையும், அதன்மேல் எழுதிய திருத்தமும் போய்வரும் பாதை அடைபட்டிருந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் உயிர் எந்தப் பாதையில் ஓடியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை என்பேன்.

அந்தப் பாதையில் நின்றவர்கள் பகுதிநேர ட்யூட்டர்கள். பெரும்பாலோர் வேறு பல்கலைக்கழகங்களிலும் பாலிடெக்னிக்குகளிலும் கல்லூரிகளிலும் வேலையில் இருந்தவர்கள். மேடையில் நின்று பேசிப் பழகியவர்கள். இங்கே அவர்கள் பேசவேண்டிய பாடத்தை மில்டன் கீன்ஸில் வேறொரு குழு முன்பே எழுதி அச்சிட்டுவிட்டது. அவர்களுக்கு மிஞ்சியது இருபது இருபத்தைந்து மாணவர்களின் ஒப்படைவுகளைப் படித்துக் கருத்து எழுதுவதும், எப்போதாவது கூடும் வகுப்புகளும்தான். ஒரு விரிவுரையாளர் இதைக் கீழிறக்கமாக நினைப்பது இயல்பு. அதனால் 13 வட்டார அலுவலகங்களில் இருந்த முழுநேரக் கல்வியாளர்கள் புதிய ட்யூட்டர்களை அழைத்து உட்காரவைத்து வேலையைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரே மாணவரின் கட்டுரையைப் பலர் தனித்தனியே திருத்தி, மதிப்பெண்ணையும் எழுதிய கருத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயிற்சியின் முக்கியப் பகுதி. கட்டுரை ஒன்று, பதில்கள் பல என்று மேசைமேல் கிடக்கும்போது, பாட அறிவில் குறையில்லாத ஒருவர் எழுதிய பதில் மாணவருக்கு எதுவும் சொல்லாமல் இருப்பது அவர் கண்ணுக்கே தெரியும். பயிற்சி அத்தோடு முடியவும் இல்லை. ட்யூட்டர் திருத்திய தாள்களிலிருந்து மாதிரி எடுத்து இன்னொருவர் படித்துப் பார்த்தார். புதியவர்களின் தாள்கள் அதிகமாக எடுக்கப்பட்டன. மதிப்பெண் சரியா என்று பார்ப்பதோடு, ஓரத்தில் எழுதிய குறிப்பும், சுருக்கமாகக் கருத்தெழுதும் பி.டி.3 என்ற படிவமும் மாணவரை அடுத்த கட்டுரைக்குத் தயார்செய்கின்றனவா என்றும் பார்த்துக் கருத்துச் சொன்னார்கள். வகுப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டால் ஓர் ஆசிரியர் எப்படிக் கற்பிக்கிறார் என்பது வெளியே தெரியாது. தொலைவில் கற்பிக்கிறவரின் கற்பித்தல் முழுக்க எழுத்தில் இருப்பதால் அதைத் திருப்பிப் படிக்க முடிந்தது, படித்துச் செம்மைப்படுத்த முடிந்தது. உயர்கல்வி ஆசிரியருக்கு முறையான பயிற்சி என்பதே அரிதாக இருந்த காலத்தில் இது நடந்தது.

தொடக்கத்தில் கட்டுரை திருத்துபவரும் மாணவரின் படிப்புச் சிக்கல்களைக் கவனிக்கும் ஆலோசகரும் வெவ்வேறு ஆட்களாக இருந்தார்கள். ஷிப்டு வேலை மாறியதால் கட்டுரை தாமதமாகும் மாணவருக்கும், வாதத்தை எப்படிக் கட்டுவது என்று தெரியாததால் தாமதமாகும் மாணவருக்கும் உள்ள வேறுபாட்டை, கட்டுரையைப் படிக்காத ஆலோசகரால் கண்டுபிடிக்க முடியாது. 1976-இல் அடிப்படைப் பாடங்களில் இரண்டு பொறுப்புகளையும் ஒருவரிடமே சேர்த்தார்கள். அந்த அனுபவத்திலிருந்து டேவிட் சீவர்ட் 1978-இல் ஒரு கட்டுரை எழுதினார். பாடப் பொதி எவ்வளவு செம்மையாக இருந்தாலும் அது எல்லோருக்கும் பொதுவாகச் செய்தது, ஒவ்வொரு மாணவருக்கும் ஏற்ப அதை இணக்கிக் கொடுப்பதற்கு நடுவில் ஒரு மனிதர் தொடர்ந்து அக்கறையோடு இருந்தாக வேண்டும் என்பது அதன் சாரம். தொலைநிலைக் கல்வியை ஆலை உற்பத்தியோடு ஒப்பிட்டு ஜெர்மனியின் ஓட்டோ பீட்டர்ஸ் விளக்கியது 1960-களில். அவர் சொன்ன வேலைப் பிரிவினை உண்மைதான். பாடம் எழுதுபவர் ஒருவர், அச்சிடுபவர் ஒருவர், திருத்துபவர் ஒருவர். ஆனால் அந்தச் சங்கிலியில் மாணவரைப் பெயர் சொல்லி அறிந்த இடம் ஒன்றே ஒன்று. அதில் பயிற்சியில்லாத ஒருவரை உட்காரவைத்தால் மற்றக் கண்ணிகளின் தரம் எதையும் ஈடுசெய்யாது.

கணினி வந்ததும் இந்தப் பாடத்தை மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. 1982-இல் கலிபோர்னியாவின் லா ஹோயாவில் ஒரு நடத்தையியல் நிறுவனம் உயர் அதிகாரிகளுக்குக் கணினி மாநாட்டு வழியாக மேலாண்மைப் படிப்பு ஒன்றைத் தொடங்கியது. நல்ல பேராசிரியர்களைத்தான் அழைத்திருந்தார்கள். அதில் பங்குகொண்ட மெய்யியலாளர் ஆண்ட்ரூ ஃபீன்பெர்க் பின்னர் அதைப் பதிவுசெய்திருக்கிறார். ஆசிரியர்கள் நீண்ட விரிவுரையையோ வாசிப்புப் பட்டியலையோ திரையில் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள், எதிர்த்தரப்பில் மௌனம். வகுப்பில் மௌனம் வந்தால் முகத்தைப் பார்த்து அடுத்த கேள்வியை மாற்றலாம். திரையில் மௌனத்துக்கு முகமில்லை. பேச்சைத் தொடங்கிவைப்பது, சிதறிய கருத்துகளைத் தொகுத்துச் சொல்வது, எழுதியவரை அங்கீகரிப்பது ஆகியவை தனி வேலைகள், அவற்றைப் பெயரிட்டுக் கற்பிக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர்கள் அங்கே வந்தார்கள். 1988-இல் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் உருவான கோசி என்ற மென்பொருளைக் கொண்டு ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களை ஒரு தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் இணைத்தது. ராபின் மேசன் அதை ஆராய்ந்தபோது, படிப்பவர்கள் பலராகவும் எழுதுபவர்கள் சிலராகவும் இருந்ததைக் கண்டார். அஞ்சலில் தேர்ந்த ட்யூட்டர்கள்கூட இங்கே தடுமாறினார்கள்.

இதற்கு அடுத்த பத்தாண்டுகளில் கிடைத்த விடை மிக எளியது, அதனாலேயே எனக்கு முக்கியமாகப் படுகிறது. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளியில் கில்லி சால்மன் ட்யூட்டர்களுக்கான பயிற்சியை இணையத்திலேயே வைத்தார். கற்பிக்கப் போகிறவர் முதலில் தன் வீட்டுத் தொலைபேசிக் கம்பி வழியே உள்ளே நுழைந்து, மாணவராக உட்கார்ந்து, கடவுச்சொல் வேலை செய்யாத எரிச்சலையும், முதல் செய்தியை எழுதத் தயங்கும் கூச்சத்தையும், எழுதியதற்கு யாரும் பதில் சொல்லாத வெறுமையையும் அனுபவிக்க வேண்டும். 2000-இல் வந்த அவருடைய நூல் இதை ஐந்து படிகளாக வகுத்தது: நுழைவும் ஊக்கமும், பழகுதல், தகவல் பரிமாற்றம், அறிவை ஆக்குதல், வளர்ச்சி. எல்லா மாணவரும் இந்த ஏணியில் வரிசையாக ஏறுவதில்லை என்று பின்னால் வந்தவர்கள் குறை சொன்னார்கள். அது நியாயமான குறை. ஆனால் படிகளின் எண்ணிக்கையைவிட, பயிற்றுநர் தான் கற்பிக்கப்போகும் இடத்திலேயே ஒருமுறை மாணவராக இருந்து பார்க்க வேண்டும் என்ற ஏற்பாடுதான் அங்கே பெரிய விஷயம். வலைப்பயிலரங்கில் இரண்டு மணி நேரம் கேட்டுவிட்டுச் சான்றிதழ் வாங்குவது அதற்கு மாற்றாகாது.

பாடத்தை மிகச் சிறப்பாகத் தயாரித்துவிட்டால் இடையில் ஆள் எதற்கு என்று ஒரு தரப்பு கேட்கிறது. 2011-இல் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் சுமார் 1,60,000 பேர் பதிவுசெய்தார்கள், சுமார் 23,000 பேர் முடித்தார்கள். 23,000 பேர் சிறிய எண்ணிக்கை அல்ல, அதை இகழ முடியாது. ஆனால் அவர்கள் தாமாகவே படிக்கத் தெரிந்தவர்கள். அதே குழுவினரின் உடாசிட்டி நிறுவனம் 2013-இல் சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தொடக்கநிலைப் பாடங்களை நடத்தியபோது, முதல் பருவத்தில் தேர்ச்சி விகிதம் வளாக வகுப்பைவிடத் தாழ்ந்து, திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. கோடையில் நடந்த இரண்டாவது சுற்றில் விகிதம் உயர்ந்ததும் உண்மை. அதில் சேர்ந்தவர்களில் பலர் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் அரசு 2000-இல் அறிவித்த மின்பல்கலைக்கழகத்துக்கு 6.2 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டது. 2004-இல் மூடப்பட்டபோது சுமார் 900 மாணவர்களே சேர்ந்திருந்தார்கள். அதன் வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. மாணவருக்கு என்ன தேவை என்று பார்க்காமல் மென்பொருள் மேடையைக் கட்டுவதில் முழுகியது அவற்றில் ஒன்று என்று நாடாளுமன்றக் குழுவே சொன்னது.

இனி இயந்திரமே திருத்திவிடும் என்பது இன்றைய எதிர்வாதம். இயந்திரத் திருத்தம் புதிதல்ல. 1970-களிலேயே பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் கணினி திருத்தும் ஒப்படைவும் ட்யூட்டர் திருத்தும் ஒப்படைவும் அருகருகே இருந்தன. மாணவர் தெரிந்துகொண்டாரா என்று பார்க்க முதலாவதும், ஏன் தெரிந்துகொள்ளவில்லை என்று அவரோடு பேச இரண்டாவதும் பயன்பட்டன. இன்றைய மென்பொருள் வாக்கியங்களாகவே பதில் எழுதுகிறது, அன்றைய கணினி சரி தவறு மட்டுமே சொன்னது. வேறுபாடு பெரியதுதான். ஆனாலும் மூன்றாவது கட்டுரை வராதபோது கவலைப்பட்டுத் தொலைபேசியில் அழைப்பதும், முந்தைய கட்டுரையின் தயக்கத்தை நினைவில் வைத்து இந்தக் கட்டுரையின் துணிச்சலைப் பாராட்டுவதும் பொறுப்பேற்றுக்கொண்ட ஒருவரின் வேலை. இயந்திரம் எவ்வளவு எழுதித் தந்தாலும், எதை அனுப்புவது எதைத் தவிர்ப்பது என்று முடிவெடுக்கப் பயின்ற ஆள் இன்னும் கூடுதலாகவே தேவைப்படுவார்.

நம் நாட்டில் இந்த அறிவு இல்லாமல் போகவில்லை. டி.எஸ். கோத்தாரி தலைமையிலான குழுவின் பரிந்துரையை அடுத்து 1962-இல் டெல்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரை 1971-லும், அண்ணாமலை 1979-லும், சென்னை 1981-லும் வந்தன. வேலைக்குப் போய்க்கொண்டே பட்டம் பெற்ற லட்சக்கணக்கான எழுத்தர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வீட்டை விட்டு வெளியே அனுப்பப்படாத பெண்களுக்கும் அவை கதவைத் திறந்தன. அந்த நன்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் பாடக்கட்டு அஞ்சலில் வரும், தொடர்பு வகுப்பு சில நாள் நடக்கும், பிறகு தேர்வு என்று அவை பெரும்பாலும் ஒருவழிப் பாதையாகவே ஓடின. 1985-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உருவானபோது அதன் முதல் துணைவேந்தர் ஜி. ராம் ரெட்டி இந்தக் குறையை அறிந்திருந்தார். 1987-இல் 4,528 மாணவர்களோடு அது தொடங்கிய முதல் இரண்டு படிப்புகளில் ஒன்று மேலாண்மைப் பட்டயம், மற்றொன்று தொலைநிலைக் கல்விப் பட்டயம். தன்னிடம் கற்பிக்கப் போகிறவர்களுக்குக் கற்பிப்பதே அதன் முதல் வேலைகளில் ஒன்றாக இருந்தது. 1993-இல் அதற்கெனத் தனிப் பயிற்சி ஆய்வு நிறுவனமும் அமைந்தது. ஒப்படைவில் மதிப்பெண்ணுக்கு மேலாகக் கருத்து எழுத வேண்டும் என்பது அங்கே விதி.

நடைமுறையில் அந்த விதி தேய்ந்தது. அதற்கு ஆசிரியரின் மனப்போக்கை மட்டும் குறை சொல்வது அநியாயம். ஒப்படைவைத் திருத்துபவருக்குத் தாள் கணக்கில் ஊதியம். ஒரு தாளில் அரைமணி நேரம் செலவிட்டுக் கருத்து எழுதுபவருக்கும் கோடு கிழித்து மதிப்பெண் போடுபவருக்கும் ஒரே தொகை. இந்த நிலையில் பயிற்சி வகுப்பில் சொல்லித் தந்தது எதுவும் வேலையில் நிற்காது. பல்கலைக்கழக மானியக் குழுவின் இணையவழிப் படிப்புக்கான விதிகள் 250 மாணவர்கள் கொண்ட தொகுதிக்கு ஒரு பாட வழிகாட்டி போதும் என்கின்றன. 250 பேரின் எழுத்தைப் படித்துத் தனித்தனியே பதில் எழுத எந்தப் பயிற்சியாலும் ஒருவரைத் தயார்செய்ய முடியாது. இங்கே பயிற்சி என்பது எண்ணிக்கையோடும் ஊதியத்தோடும் பிணைந்த கேள்வி. செலவு கட்டாது என்பவர்களுக்கு, பிரிட்டனிலும் இந்தக் கணக்கு எளிதில் தீரவில்லை என்பதே என் பதில். அங்கே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் ட்யூட்டர்கள் ஐம்பது ஆண்டுகள் பாடத்துக்குப் பாடம் ஒப்பந்தத்தில்தான் இருந்தார்கள். சங்கத்தோடு நெடுங்காலம் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பிறகு 2022 ஆகஸ்டில் சுமார் 4,800 பேர் நிரந்தரப் பணிக்கு மாற்றப்பட்டார்கள். தொழிலைக் கற்றுக்கொள்ளும் நேரமும் அவர்களுடைய வேலைநேரத்தில் ஒரு பகுதியாக எழுதப்பட்டது.