கடைக்குப் போகாமல் வாங்கும் விளையாட்டு



கணினி விளையாட்டு என்றதும் பெற்றோர் பலர் முகம் சுளிப்பதை நாம் அறிவோம். பிள்ளை அதில் எத்தனை மணி நேரம் போக்குகிறான் என்று கேட்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய அந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று கேட்பவர் குறைவு. இன்று அந்தக் கேள்வியின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம்.

விளையாட்டைக் கம்பி வழியே அனுப்பும் எண்ணம் பழையது. 1983-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் 'கேம்லைன்' என்றொரு சேவை இருந்தது. தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் அட்டாரி 2600 கருவியில் ஒரு பெட்டியைச் செருகித் தொலைபேசிக் கம்பியில் மாட்டினால், விளையாட்டு வீட்டுக்கே வந்து சேரும். சில தடவை ஆடியதும் அது செல்லாது. மறுபடி அழைக்க வேண்டும், மறுபடி காசு. அதே ஆண்டில் அமெரிக்க விளையாட்டு வியாபாரமே சரிந்தது. கேம்லைனும் அதோடு போயிற்று. அதை நடத்தியவர்களின் மிச்ச முயற்சியிலிருந்துதான் பின்னாளில் 'அமெரிக்கா ஆன்லைன்' என்னும் பெரிய இணைய நிறுவனம் வளர்ந்தது.

சரிந்த சந்தையை நிமிர்த்தியது ஜப்பானின் நிண்டெண்டோ. 1985-இல் அமெரிக்கா வந்த அதன் கருவிக்குள் ஒரு பூட்டுச் சில்லு இருந்தது. நிறுவனத்தின் அனுமதி பெறாத விளையாட்டைத் தடுப்பதே அதன் வேலை. ஒரு வெளியீட்டாளர் ஆண்டுக்கு 5 விளையாட்டுகளே வெளியிடலாம் என்ற கட்டுப்பாடும் இருந்தது. தரம் காக்க என்றார்கள். அதில் உண்மையும் உண்டு. ஆனால் வாசற்காரனுக்குப் பங்கு கொடுத்தால்தான் சந்தைக்குள் நுழையலாம் என்ற வழக்கமும் அதோடு வேரூன்றியது.

கணினியில் அந்த வாசற்காரன் இல்லை. 1993 டிசம்பரில் 'டூம்' விளையாட்டைச் செய்த இளைஞர்கள் அதன் முதல் பகுதியை ஒரு பல்கலைக்கழகக் கணினியில் இலவசமாக ஏற்றினார்கள். படியெடுத்து நண்பருக்குக் கொடுங்கள், பிடித்தால் மீதிக்குக் காசு அனுப்புங்கள் என்பதே ஏற்பாடு.

1996-இல் கேப் நியூவெல், மைக் ஹாரிங்டன் இருவரும் மைக்ரோசாப்டை விட்டு வந்து வால்வு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அந்நிறுவனம் 2003 செப்டம்பர் 12-இல் வெளியிட்டதே 'ஸ்டீம்'. விளையாட்டில் செய்யும் திருத்தங்கள் எல்லாருக்கும் தாமாகவே போய்ச் சேர வேண்டும் என்பது தொடக்க நோக்கங்களுள் ஒன்று. 2004 நவம்பரில் 'ஹாஃப்-லைஃப் 2' வந்தபோது கதை மாறியது. கடையில் வட்டு வாங்கியவரும் இணையத்தில் ஸ்டீமிடம் பதிந்த பிறகே ஆட முடிந்தது. முதல் நாள் நெரிசலில் பலர் காத்துக் கிடந்தனர், வசவுக்குக் குறைவில்லை. 2005 முதல் பிறர் செய்த விளையாட்டுகளும் அங்கே விற்பனைக்கு வந்தன. பின்பு மலிவு விற்பனையும் சேர, வைதவர்களே வாடிக்கையாளர் ஆனார்கள்.

இந்தக் கடை கன்சோல்களிடமிருந்து கற்றதும் உண்டு. எக்ஸ்பாக்ஸ் 360 கருவி 2005-இல் கொண்டு வந்த சாதனைப் பதக்கங்கள் 2007-இல் ஸ்டீமுக்கும் வந்தன. 2022-இல் வால்வு தானே கையடக்கக் கருவியொன்றை விற்கத் தொடங்கியது. வாசற்காரன் பங்கும் வந்துவிட்டது: விற்பனையில் நூற்றுக்கு 30 என்பது ஸ்டீமின் வழக்கமான விகிதம். 2018 டிசம்பரில் போட்டிக்குக் கடை திறந்த எபிக் நிறுவனம் 12 போதும் என்றது.

இனி முதற்கேள்விக்கு வருவோம். 2014-இல் வெளியான 'த க்ரூ' என்ற கார்ப் பந்தய விளையாட்டு இணையத் தொடர்பு இல்லாமல் ஓடாது. அதை இயக்கிய மையக் கணினிகளை யூபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31-இல் நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்கள், வட்டைக் கையில் வைத்திருந்தவர்கள் உட்பட, அதன்பின் ஆட இயலவில்லை. வேலை உள்ளவரை லயத்து வீடு, வேலை போனால் சாவியைக் கொடு என்ற ஏற்பாட்டை அறிந்த நம்மவர்க்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை.

கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. 2025 ஜனவரி 1-இல் அது நடப்புக்கு வந்தது. விற்பது உரிமம் மட்டுமே என்றால் அதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைப் போடக்கூடாது என்கிறது அச்சட்டம். நிரந்தரமாக இறக்கி வைத்து இணையமின்றிப் பயன்படுத்தக் கூடிய பொருள்களுக்கு அந்த விதி இல்லை. சட்டம் வருவதற்கு முன்பே, 2024 அக்டோபரில், ஸ்டீம் தன் பணம் செலுத்தும் பக்கத்தில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டது: பெறுவது உரிமம் என்று.