சட்டம் முந்திய மாநிலமும் பழக்கம் முந்திய நாடும்

குழந்தைகளுக்கான கார் இருக்கையை மக்களிடம் கொண்டுசேர்த்த முயற்சிகளில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தையும் சுவீடனையும் அருகருகே வைத்துப் பார்ப்பது தனி இன்பம். டென்னசியில் முதலில் வந்தது சட்டம். பழக்கம் அதன்பின் மெல்ல வந்தது. சுவீடனில் முதலில் வேரூன்றியது பழக்கம். சட்டம் பிறகு வந்து அதை உறுதிசெய்தது.

எதிரெதிர்த் திசைகளில் நடந்த இவ்விரண்டுக்கும் தொடக்கப்புள்ளி ஒரே தொழில் என்பதுதான் முதல் வியப்பு. ராபர்ட் சாண்டர்ஸ் டென்னசியின் மர்ஃப்ரீஸ்பரோ நகரில் குழந்தை மருத்துவர். சுவீடனின் பெர்ட்டில் ஆல்டுமன் மருத்துவம் படித்து, பின்னர் சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். சாண்டர்ஸின் கேள்வி, சிகிச்சைக்கு வருமுன்பே குழந்தையை எப்படிக் காப்பது என்பது. ஆல்டுமனின் கேள்வி, மோதலின் விசையைக் குழந்தையின் உடலில் எந்தப் பக்கம் தாங்கச் செய்வது என்பது. முன்னவர் சட்டமன்ற உறுப்பினர்களை நாடினார். பின்னவர் விண்கலத்தைக் கவனித்தார். ஜெமினி விண்வெளி வீரர்கள் முதுகைச் சாய்த்து, விசையை முதுகு முழுவதும் பரவவிட்டு அமர்ந்திருந்த முறைதான் பின்நோக்கிய குழந்தை இருக்கைக்கு வித்து. அதன் முன்மாதிரி 1964இல் வால்வோ காரில் சோதிக்கப்பட்டது.

சாண்டர்ஸுக்குச் சோதனைக்கூடம் கிடையாது. தொலைபேசி இருந்தது, மனைவி பாட் உடன் நின்றார், மாநிலத்தின் பிற குழந்தை மருத்துவர்கள் தோள்கொடுத்தனர். 1977இல் சட்டம் நிறைவேறி, 1978 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. குழந்தைகளுக்குக் கார் இருக்கையைக் கட்டாயமாக்கிய முதல் அமெரிக்க மாநிலம் டென்னசி. ஆனால் அச்சட்டத்தில் ஓர் ஓட்டை: பெரியவர் ஒருவர் கையில் பிடித்திருந்தால் இருக்கை தேவையில்லை.

இந்த ஓட்டையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி, பத்தில் ஒரு விநாடியில் நின்றுவிட்டால், 10 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்திருக்கும் கைகள் அக்கணத்தில் ஏறத்தாழ 140 கிலோ பாரத்தைத் தாங்க வேண்டும். எந்தத் தாயாலும் முடியாது. பெல்ட் போடாத பெரியவரோ தன் முழு எடையோடும் குழந்தையின் மீதே சரிவார். அதனால்தான் சாண்டர்ஸ் அதைக் குழந்தையை நசுக்கும் விதி என்றே அழைத்தார். 1981இல் அது நீக்கப்படும்வரை ஓயவில்லை. மடியைவிடப் பத்திரமான இடம் உண்டா என்ற நம்பிக்கை நமக்கும் அந்நியமானதல்ல. 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பட்டையிட்டு அமர்த்தாமல் ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் சொன்ன பிறகும், நம் கார்களின் முன்னிருக்கையில் குழந்தை மடியில்தான் அமர்ந்திருக்கிறது.

டென்னசியில் சட்டம் வந்து மூன்றாம் ஆண்டிலும் பெரும்பாலான குழந்தைகள் இருக்கையின்றியே பயணித்தனர். சுவீடனில் 1988இல் கட்டாயச் சட்டம் வந்தபோது, பெரும்பாலான பெற்றோர் ஏற்கெனவே இருக்கையைப் பயன்படுத்திக்கொண்டிருந்தனர். காரணம், அங்கு இருக்கை வந்த வழி. கருவுற்ற பெண்கள் செல்லும் நலமையங்கள் வழியாகக் கைக்குழந்தை இருக்கைகள் இரவலாகத் தரப்பட்டன. மருத்துவச்சி வாயிலாகப் பேறுகாலத்துக்கு முன்பே வீட்டுக்குள் வந்த பொருளை யாரும் கெடுபிடியாக நினைப்பதில்லை.

இரவல் என்ற இந்த உத்தி டென்னசியிலும் முளைத்தது. இருக்கையின் விலை ஏழைக் குடும்பங்களைத் தடுக்கிறது என்று தெரிந்ததும் அங்கும் இரவல் திட்டங்கள் எழுந்தன. கடல் கடந்து இரு இடங்களிலும் கார் இருக்கை நம் வீட்டுத் தொட்டிலைப் போலக் கைமாறும் பொருளானது. இது எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை. விபத்தில் அடிபட்ட இருக்கை மறுபடி உதவாது. இரவல் தருபவரிடமோ அதன் முழு வரலாறும் இருக்கும். முன்பின் அறியாதவரிடம் பழைய இருக்கை வாங்குவதில் அந்த உறுதி கிடைக்காது.

1985க்குள் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் சட்டம் வந்துவிட்டது. அதன் பிறகுதான், இருக்கை இருப்பது வேறு, சரியாகப் பொருத்தியிருப்பது வேறு என்ற உண்மை உறுத்தியது. 2015இல் வெளியான தேசிய ஆய்வில் 46 விழுக்காடு இருக்கைகளில் ஏதோவொரு பிழை காணப்பட்டது. அதைத் திருத்தவே பயிற்சி பெற்ற தொழில்நுட்பர்கள் தீயணைப்பு நிலையங்களிலும் மருத்துவமனை வளாகங்களிலும் பெற்றோரைச் சந்திக்கிறார்கள். பட்டை செல்லும் இடத்தில் பிடித்து அசைத்தால் இருக்கை ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. குழந்தையின் தோளருகே பட்டையைக் கிள்ளினால் மடிப்பு விரலில் அகப்படக் கூடாது. குளிர்கால மேலங்கியைக் கழற்றிவிட்டே பட்டையிட வேண்டும். தொழில்நுட்பர் தாமே மாட்டிக்கொடுத்து அனுப்பிவிடுவதில்லை. பெற்றோர் தம் கையாலேயே மாட்டிக் காட்ட வேண்டும். சட்டத்தை முன்னே அனுப்பிய அமெரிக்கா, சுவீடன் தொடங்கிய இடத்துக்கே, ஒரு மனிதர் இன்னொருவருக்கு நேரில் கற்றுத்தரும் இடத்துக்கே, வந்துசேர்ந்தது.

திசையிலும் அதே நெருக்கம் தெரிகிறது. சுவீடனில் குழந்தைகள் நான்கு வயது வாக்கில்தான் முன்நோக்கித் திரும்புகிறார்கள்; உடலை ஒப்பிட அவர்களின் தலை கனமானது, கழுத்து இளசு. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2011இல் இரண்டு வயதுவரை பின்நோக்கி என்றது. 2018இல் இருக்கையின் எடை, உயர வரம்பு தாங்கும்வரை என்று நீட்டியது. உடனே பெற்றோரிடமிருந்து எழும் கேள்வி, வளர்ந்த பிள்ளை காலை எங்கே வைக்கும் என்பது. சுவீடனின் இளம் தாய்மார் பலருக்கு அது கேள்வியே அல்ல. அவர்களும் அந்த வயதில் சம்மணமிட்டு, காரின் பின்கண்ணாடி வழியே ஊரைப் பார்த்தபடி போனவர்கள்தான்.