வாளியும் கணக்கேடும்

கிட்டார் வாசிக்கும் இளைஞர் காலால் மிதிக்கும் சிறு பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். எதிரொலி எழுப்பும் பெட்டி அது. அதன் வரலாற்றைப் பெக்கோக்கின் பால்மரக் காட்டில் நின்று பார்ப்போம்.

1969-இல் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சாங்ஸ்டர், டீர் என்னும் இருவர் 'வாளி வரிசை' என்ற மின்சுற்றை வெளியிட்டனர். வாளிக்கு வாளி பால் ஊற்றுவதுபோல, மின்னூட்டம் அறைக்கு அறை மாறித் தாமதமாக வெளிவரும். ஊற்றும்போது சிறிது சிந்துமல்லவா? அவ்வாறே எதிரொலியும் வரவர மங்கும். இது அனலாக் முறை.

1980-களில் போஸ் நிறுவனத்தின் டிடி-2 வந்தது. அது ஒலியை எண்களாக்கிச் சேமித்தது. கிராணி ஏட்டில் எழுதிய எண் சிந்துமா? இது டிஜிட்டல் முறை.

ஆயினும் இசைஞர் பலர் பழைய மங்கலையே விரும்பினர். 1999-இல் லைன் 6 நிறுவனத்தின் டிஎல்4, அந்த மங்கலையும் கணக்கிட்டுப் போலச்செய்தது. சிந்தாத கருவிக்குச் சிந்தக் கற்பித்தார்கள்!

பழைய பெட்டி பிழைத்திருந்ததால்தான் அது முடிந்தது. தோட்டத்தை விட்டுப் பெயரும்போது மூலையில் கிடக்கும் உறுமியை எறிந்துவிடாதீர்கள். எறிந்தபின் எதைப் பார்த்துக் கற்பிப்பது?