பாட்டும் பாட்டுக்குரியவரும்: பீட் சீகரின் இசைவாழ்வு

நாட்டுப்பாடலுக்கு ஆசிரியர் பெயர் இல்லை என்பது அறிஞர் பலர் வகுத்துக் கூறிய இலக்கணம். ஏற்றம் இறைத்தவனும் நாற்று நட்டவளும் பாடிய பாட்டில் பெயர் பொறிக்க வேண்டிய தேவை எழவில்லை. ஆனால் அதே பாட்டு இசைத்தட்டில் ஏறி விலைப்பொருளாகும்போது நிலைமை மாறிவிடுகிறது. பெயரில்லாத பாட்டின் மீது யாரோ ஒருவருடைய பெயர் ஏறுகிறது. பணமும் அப்பெயரைத் தொடர்ந்து செல்கிறது. இந்த மாற்றத்தின் நடுவே நின்று 70 ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடியவர் அமெரிக்க நாட்டுப்பாடகர் பீட் சீகர். அவருடைய படைப்புகள், கூட்டு முயற்சிகள், கற்பித்தல் ஆகிய மூன்றையும் ஒருசேர நோக்கும்போது, பாட்டு யாருக்குரியது என்னும் வினாவே அவற்றின் அடியில் ஓடுவதைக் காணலாம்.

1919 மே 3ஆம் நாள் நியூயார்க்கில் பிறந்த சீகர், ஏட்டிசை மரபில் வளர்ந்தவர். தந்தை சார்லஸ் சீகர் இசையியல் அறிஞர். தாய் கான்ஸ்டன்ஸ் வயலின் ஆசிரியை. 1936இல் வட கரோலினா மாநிலத்தின் ஆஷ்வில் நகரில் நடைபெற்ற மலைநாட்டு ஆடல் பாடல் விழாவில் ஐந்து தந்தி பாஞ்சோவின் ஓசையைக் கேட்ட பிறகு அவருடைய நாட்டம் திசை மாறியது. தோல் போர்த்திய வட்ட முகமும் நீண்ட கழுத்தும் உடைய அக்கருவி, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் கைகளில் உருவாகி, பின்னர் வெள்ளையர்களான மலைமக்களைச் சென்றடைந்தது. அவர் ஏந்திய கருவியே கைமாறி வந்த ஒன்று.

1938இல் பட்டம் பெறாமலே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறிய சீகர், சிறிது காலம் வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தின் நாட்டுப்பாடல் களஞ்சியத்தில் ஆலன் லோமாக்ஸுக்குத் துணையாகப் பணியாற்றினார். எளிய மக்களின் பாட்டுகள் பதிந்த தட்டுகளைக் கேட்டு வகைப்படுத்துவதே அங்கு அவருடைய வேலை. 1940இல் உடி கத்ரியைச் சந்தித்தார். பழைய மெட்டில் புதிய சொற்களை ஏற்றும் கலையை அவரிடமிருந்தே கற்றார். 1941இல் இவர்கள் 'அல்மனாக் பாடகர்கள்' என்னும் குழுவில் இணைந்து தொழிற்சங்கக் கூட்டங்களில் பாடினர். 1948இல் லீ ஹேஸ், ரானி கில்பர்ட், ஃபிரெட் ஹெல்லர்மன் ஆகியோருடன் சேர்ந்து 'வீவர்ஸ்' என்னும் குழுவைச் சீகர் அமைத்தார். அக்குழு பாடிய 'குட்நைட் ஐரீன்' 1950இல் 13 வாரங்கள் விற்பனையில் முதலிடத்தில் நின்றது. அப்பாட்டை அவர்களுக்கு அளித்த கறுப்பினப் பாடகர் லெட்பெல்லி, அதற்குச் சில மாதங்களுக்கு முன், 1949 டிசம்பரில் மறைந்துவிட்டார். பாட்டு பெற்ற புகழைப் பாட்டுக்குரியவர் காணவில்லை.

புகழின் உச்சியிலேயே தடையும் வந்தது. பொதுவுடைமைத் தொடர்பைக் காரணம் காட்டி வானொலியும் தொலைக்காட்சியும் குழுவுக்குக் கதவடைத்தன. 1955 ஆகஸ்டில் நாடாளுமன்ற விசாரணைக் குழு சீகரை அழைத்தது. தம் கருத்துகளையும் தோழர்களையும் பற்றிக் கேட்பதற்கு அக்குழுவுக்கு உரிமையில்லை என்று அவர் விடை கூற மறுத்தார். 1961இல் அவருக்கு ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 1962இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை நீக்கியது. ஆயினும் தொலைக்காட்சியின் பெரும் அரங்குகள் 1967 வரை அவருக்குத் திறக்கவில்லை.

இத்தடையே அவரை ஆசிரியராக்கியது எனலாம். பள்ளிகள், கல்லூரிகள், சிறுவர்களுக்கான கோடை முகாம்கள் என்று அவர் ஊர் ஊராகச் சென்றார். ஐந்து தந்தி பாஞ்சோ வாசிக்கும் முறையை விளக்கி, 1948இலேயே ஒரு கையேட்டைத் தாமே சைக்ளோஸ்டைல் செய்து வெளியிட்டிருந்தார். சிறிய அளவில் தொடங்கிய அக்கையேடு ஒரு தலைமுறை இளைஞர்களை அக்கருவியின்பால் ஈர்த்தது. மேடையில் அவர் பாடிக்காட்டுபவராக மட்டும் நிற்கவில்லை. அடுத்து வரவேண்டிய அடியை மெட்டின் இடைவெளியில் விரைந்து சொல்லிக் கொடுப்பார். அவையோர் அதனைப் பாடி முடிப்பர். இறைவன் புலவர்க்கு அடியெடுத்துக் கொடுத்த கதைகள் தமிழில் உண்டு. சீகர் பெருங்கூட்டங்களுக்கு அடியெடுத்துக் கொடுத்தார். பாடத் தெரியாது என்று தயங்கியவர்களையும் பாட வைத்ததே அவருடைய கற்பித்தலின் சிறப்பு.

கவிஞர்கள் சிறப்பாகக் கருதத்தக்கவை இரண்டு பாடல்கள். 1955இல் ஒரு கல்லூரி நிகழ்ச்சிக்குச் செல்லும் வழியில், ஷோலக்கோவின் டான் நதி நாவலில் வரும் கசாக்கியத் தாலாட்டு ஒன்றிலிருந்து தாம் குறித்து வைத்திருந்த கருத்தைக் கொண்டு, பூக்கள் எங்கே போயின என்று கேட்கும் பாடலைச் சீகர் இயற்றினார். அது மூன்று கண்ணிகளோடு நின்றது. 1960இல் ஜோ ஹிக்கர்சன் என்னும் இளைஞர் மேலும் இரண்டு கண்ணிகள் சேர்த்து, பாட்டைத் தொடங்கிய இடத்திற்கே கொண்டுவந்து நிறுத்தினார். அதனை மனமுவந்து ஏற்ற சீகர், அவரையும் ஆசிரியராகக் கொண்டு வருவாயிலும் பங்கு அளித்தார். மற்றொன்று 'குவாந்தனமேரா'. கியூபாவின் விடுதலைக் கவிஞர் ஹோசே மார்த்தி 1891இல் வெளியிட்ட 'எளிய கவிதைகள்' நூலின் அடிகள் அந்நாட்டின் மெட்டொன்றில் பொருந்தியிருந்தன. கோடை முகாமில் பணியாற்றிய ஹெக்டர் அங்குலோ என்னும் கியூப மாணவரிடம் அதனைக் கற்ற சீகர், 1963இல் கார்னகி மண்டபத்தில் பாடினார். கவிஞர் யார், தமக்குக் கற்றுத் தந்தவர் யார், அடிகளின் பொருள் என்ன என்பனவற்றையும் அவைக்கு எடுத்துரைத்தார்.

உரிமை பற்றிய வினாவுக்கு அவர் கண்ட சிறந்த விடை 'வீ ஷால் ஓவர்கம்' பாடலில் வெளிப்பட்டது. கறுப்பின மக்களின் தேவாலய மரபில் வேர்கொண்ட அப்பாட்டு, 1945-46இல் சார்ல்ஸ்டன் நகரின் புகையிலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் ஒலித்தது. அங்கிருந்து டென்னசி மாநிலத்தின் ஹைலாண்டர் பள்ளிக்கு வந்தது. அங்கு ஜில்ஃபியா ஹார்ட்டனிடமிருந்து சீகர் கற்றார். பின்னர் அது குடியுரிமைப் போராட்டத்தின் பாட்டாகி, இந்தியிலும் 'ஹம் ஹோங்கே காம்யாப்' என நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் வாயில் வழங்கியது. வணிகர் எவரும் கைப்பற்றிவிடாதபடி சீகரும் தோழர்களும் அதற்குப் பதிப்புரிமை பெற்றனர். வருவாய் முழுவதையும் கறுப்பின மக்களின் பணிகளுக்கான நிதியத்திற்கு ஒதுக்கினர். 2018இல் வழக்கொன்றின் முடிவில் அப்பாடல் பொதுவுடைமையாயிற்று.

எனினும் இவ்விடை எல்லா இடத்தும் வாய்க்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் ஜூலு இனப் பாடகர் சாலமன் லிண்டா 1939இல் ஜோகன்னஸ்பர்க்கில் 'ம்பூபே' என்னும் பாட்டைப் பதிவு செய்தார். லோமாக்ஸ் வழியே அந்த இசைத்தட்டு சீகர் கைக்கு வந்தது. ஜூலுச் சொல்லைச் செவி தவறிக் கேட்டு அவர் எழுதியதே 'விமோவே'. வீவர்ஸ் வெளியிட்ட தட்டில் பாட்டு ஒரு புனைபெயரின் கீழ் பதிவாயிற்று. 1961இல் வேறொரு குழு அதனை ஆங்கிலச் சொற்களோடு பாடி உலகப் புகழ் பெற்றது. மறு ஆண்டே லிண்டா வறுமையில் இறந்தார். சீகர் தொடக்கத்தில் 1000 டாலர் அனுப்பியதோடு, தம் பங்கையும் லிண்டாவுக்கே அனுப்புமாறு பதிப்பாளரிடம் கூறியிருந்தார். அச்சொல் முறையாக நிறைவேற்றப்படவில்லை. அவரும் அதனைத் தொடர்ந்து கவனிக்கவில்லை. பிற்காலத்தில் அதற்காக வருந்தினார். லிண்டாவின் மகள்களுக்கு உரிய பங்கு கிடைக்க வழி பிறந்தது 2006இல்தான். நல்லெண்ணம் மட்டும் உடையவர் கையிலும் உரியவர் பெயர் அழிந்துபோகக்கூடும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

பாட்டைப் பொதுவாக்கிய அதே மனப்பாங்கு, மாசடைந்த ஹட்சன் ஆற்றின்பாலும் சீகரைத் திருப்பியது. 1966இல் அண்டைக் குடிமக்களோடு சேர்ந்து அவர் தொடங்கிய இயக்கம், 106 அடி நீளமுள்ள 'கிளியர்வாட்டர்' என்னும் பாய்மரக் கப்பலை 1969இல் நீரில் இறக்கியது. பள்ளி மாணவர்கள் அதில் ஏறி ஆற்றின் உயிரினங்களைப் பற்றிக் கற்றனர். இப்பணிகள் அனைத்திலும் துணைநின்ற துணைவியார் தோஷி 2013இல் மறைந்தார். 2014 ஜனவரி 27ஆம் நாள், தம் 94ஆம் வயதில் சீகரும் மறைந்தார்.

பாட்டு எல்லார்க்கும் பொது என்று கூறுவது எளிது. அதனை உலகுக்கு வழங்கியவர்க்குரிய நன்றியையும் பங்கையும் தேடிச் சென்று செலுத்துவது கடினம். சீகர் பல இடங்களில் அதனைச் செய்தார், ஓரிடத்தில் தவறினார். வாய்மொழிச் செல்வத்திலிருந்து மெட்டும் சொல்லும் உவமையும் எடுத்தாளும் கவிஞர் எம்மொழியினராயினும், அவருடைய வெற்றியையும் தவற்றையும் ஒருங்கே நினைவிற் கொள்வது நலம் பயக்கும்.