மாடு மீட்டவன் கல்

எங்க கம்பைநல்லூருக்குக் கிழக்கே தீர்த்தமலை, அரூர் தாண்டினா சித்தேரி மலை. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வந்தீங்கன்னா, மரத்தடியில ஆயுதம் ஏந்தின ஆள் செதுக்கின கல்லைப் பார்க்கலாம். படிச்சவங்க நடுகல் என்பார்கள். நமக்கு வேடியப்பன்.

மலையும் மேட்டுக்காடுமான பூமி. அந்தக் காலத்தில் மாடுதான் சொத்து. ஒருத்தன் மந்தையை ஓட்டிக்கிட்டுப் போவான், இன்னொருத்தன் துரத்திப் போய் மீட்பான். மீட்கப் போய் செத்தவனுக்குக் கல் நட்டார்கள். அவனே பிறகு சாமியானான்.

செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு கல் உண்டு. மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு. செத்த வீரன் கருந்தேவக்கத்தி. அவன் பக்கத்திலேயே நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். பேர் கோவிவன். ரெண்டு திருடனைக் கடிச்சுக் காவல் நின்ற நாய். 1,400 வருஷம் ஆச்சு, நாயோட பேர் இன்னும் நிக்குது.

எங்க கொல்லை வரப்பிலும் ஒரு கல் இருக்கு. உருவம் மட்டும்தான், எழுத்தில்லை. மாட்டுப் பொங்கலுக்கு அப்பா முதல் படையலை அங்கேதான் வைப்பார். போன வருஷம் உழ வந்த டிராக்டர் பையன், "இடைஞ்சலா இருக்குதுங்க, தள்ளிடட்டுமா?"ன்னு கேட்டான்.

"சுத்தி ஓட்டுப்பா"ன்னேன். நாலு சால் குறைஞ்சா குறையட்டும். பேர் தெரியாதவன்தான். ஆனா யாரோ ஒருத்தர் மாட்டுக்காகச் செத்தவன்.