சப்பிரகமுவைத் தோட்டத் தமிழரும் 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையும்

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் புதுதில்லியிற் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கை செய்தனர். நாடற்றோராய் நின்ற 975,000 பேருள் 525,000 பேரை இந்தியாவும், 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென இசைந்தனர். எஞ்சிய 150,000 பேர் பின்னொரு பேச்சுக்கு விடப்பட்டனர். 1974இல் அவர்களும் இரு பாதியாய்ப் பகுக்கப்பட்டனர்.

இப்பேரத்தின் வேர் உள்நாட்டு அரசியலிலேயே ஊன்றியிருந்தது. 1946இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தை அரசாங்கம் நிலமற்ற கிராமத்தவர்க்கெனக் கையேற்று, தொழிலாளரை வெளியேறப் பணித்தது, வேலைநிறுத்தம் மூண்டது. கிராமத்தவரின் குறை பொய்யன்று. ஆயினும் அதற்குரிய விலையைத் தோட்டத் தொழிலாளரே இறுத்தனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவருட் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. வாக்குரிமையும் பின்னர்ப் பறிபோயிற்று. அதற்கு முன்னும் சப்பிரகமுவையார் வலியற்றோரே. 1947இல் இலங்கை இந்தியர் காங்கிரஸ் வென்ற தொகுதிகளுள் இம்மாகாணத்தது ஒன்றுமில்லை. இறப்பர்த் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களினிடையே சிதறிக் கிடந்தமையே அதற்குக் காரணமெனலாம்.

இம்மக்கள் இலங்கையின் பொறுப்பே என்பது நேருவின் நிலை. 1962ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப்பின் அயல்நாட்டு நட்பை நாடிய தில்லி அதினின்றும் இறங்கிற்று. இரத்தினபுரியிற் பால்வெட்டும் தொழிலாளியின் விருப்பம் யாதென எவரும் வினவவில்லை. தொகை தீர்ந்த பின்னரே விண்ணப்பப் படிவம் அவன் லயத்துக்கு வந்து சேர்ந்தது.